தூதன் தந்த திறவுகோல்

"கள்ளமறியா நிலை, பட்டறிவு நிலை ஆகிய இரண்டையும் பிளேக்கின் இணைப்பாடல்களைக் கொண்டு ஒப்பிட்டு எழுதுக."

ஆங்கில இலக்கியம் பயில்வோர் எளிதில் தப்ப முடியாத தேர்வு வினா இது. நாமும் தப்பவில்லை. முதற்பாட்டு ஒளி, இரண்டாம் பாட்டு இருள். முன்னது நம்பிக்கை, பின்னது கசப்பு. அங்கே மழலை, இங்கே முதிர்ச்சி - இப்படிக் குறிப்பேட்டிலே கண்டதை எல்லாம் விடைத்தாளிலே கொட்டினோம். மதிப்பெண் கிடைத்தது, பட்டம் கிடைத்தது, ஆசிரியப் பணியும் கிடைத்தது. பாட்டின் பொருள் மட்டும் கிடைக்கவில்லை!

அது கிடைத்த இடம் திருப்பூர். பனியன் நகரத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு. முதல் பாடவேளை தொடங்கிக் கால் மணி நேரம் ஆகவில்லை. மூன்றாம் வரிசைச் சிறுவன் ஒருவன் மேசைமீது முகம் புதைத்து உறங்கிவிட்டான். எழுப்பினோம். இரவு நெடுநேரம் வீட்டிலே வேலையாம். தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூற்பிசிறுகளை வெட்டி, மடித்து, அடுக்கிக் கட்டி, விடிவதற்குள் கொடுத்தாக வேண்டுமாம். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "நல்ல பிள்ளையாக இரு. உன் கடமையைச் செய். எல்லாம் ஒருநாள் சரியாகும்."

சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோதுதான் சுருக்கென்றது. இந்தப் பேச்சை எங்கோ கேட்டிருக்கிறோமே! யார் பேசினார்? எப்போது? நினைவு வந்தது, நெஞ்சு குன்றியது. பிளேக்கின் முதற்பாட்டிலே, கரி படிந்த சிறுவனின் கனவிலே வந்து, தேவதூதன் பேசிய பேச்சன்றோ அது! கவிஞன் எவனைக் காட்டி நம்மை எச்சரித்தானோ, அவனுடைய வேடத்தையே கட்டிக்கொண்டு வகுப்பறையில் நின்றோம். அந்த நாணத்தின் விளைவே இக்கட்டுரை.

பின்னலாடைக் கடையில் பிறந்தவர்

வில்லியம் பிளேக் 1757ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். அவருடைய தந்தை நடத்திய கடை எது? காலுறை முதலிய பின்னலாடைகள் விற்கும் கடை! எந்தச் சொல்லைக் கொண்டு நம் ஊர்த் தொழிலை 'ஹோசியரி' என்று குறிக்கிறோமோ, அதே தொழிலை வணிகமாகக் கொண்ட வீட்டில்தான், புகைபோக்கிச் சிறுவர்களைப் பாடிய கவிஞர் பிறந்தார். பனியன் ஊரார் அவரைத் தூரத்து உறவினராகக் கருதினாலும் தவறில்லை.

1772ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், செப்புத் தகட்டில் படம் செதுக்கும் தொழிலைப் பயில ஏழாண்டு ஒப்பந்தத்தில் விடப்பட்டார் பிளேக். தந்தை பணம் கட்டி மகனைத் தொழில் பழக விட்டார். அதே லண்டனில், வேறு தந்தையர், பணம் பெற்றுக்கொண்டு மகனைத் தொழிலுக்கு விட்டனர். இரண்டுக்கும் பெயர் 'பயிற்சி'! பணம் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்தால் போதும். பயிற்சி எது, விற்பனை எது என்று விளங்கிவிடும்.

விற்கப்பட்ட அச்சிறுவர்கள் செய்த வேலை என்ன? நிலக்கரி எரித்துக் குளிர் காய்ந்த நகரம் லண்டன். வீட்டுக்கு வீடு புகைபோக்கி. சிலவற்றின் உள்வழி ஒன்பது அங்குல அகலமே இருக்கும். வளர்ந்தவன் உடல் நுழையாது. ஆகவே வளராத உடலைத் தேடினர். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளை அந்த இருட்டுக் குழாய்க்குள் ஏற்றினர். முழங்கையும் முழங்காலும் தேய்ந்து புண்ணாகும். புண்ணின்மீது உப்புநீரைத் தேய்த்து, நெருப்பருகே நிறுத்தித் தோலைக் காய்க்க வைத்தனர். துடைத்தெடுத்த கரி நிறைந்த சாக்குகளே இரவில் படுக்கை. இந்தச் சிறுவர்கள் வளர்ந்த பின் அவர்களைப் பற்றிய புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதிவிட்டார். அப்புறமும் அடுப்பு எரிந்தது. அப்புறமும் குழந்தை ஏறினான்!

1788இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. எட்டு வயது நிறையாத சிறுவனை இத்தொழிலில் சேர்க்கலாகாது. பெற்றோரின் இசைவு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் செல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறிற்று. ஆறு நாள் புகைக்குழாய். ஏழாம் நாள் பூசை! சட்டத்தை நடைமுறைப்படுத்துவோர் இல்லை. மறு ஆண்டே, 1789இல், பிளேக்கின் 'கள்ளமறியாப் பாடல்கள்' வெளிவந்தது. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டும் அதுவே. 1794இல் 'பட்டறிவுப் பாடல்கள்' அதனோடு சேர்ந்து ஒரே நூலாயிற்று. கவிஞரே தகட்டில் எழுதி, அச்சிட்டு, மனைவி கேதரின் துணையோடு கையால் வண்ணம் தீட்டிய நூல். இரண்டு பகுதியிலும், ஒரே தலைப்பில், 'புகைபோக்கி துடைப்பவன்' என்ற பாட்டு உண்டு. முன்னது இருபத்துநான்கு வரி. பின்னது பன்னிரண்டே வரி.

ஒரே நூலில் ஒன்றையொன்று மறுக்கும் இரு குரல்களா என்று தமிழர் வியக்க வேண்டியதில்லை. 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை உரைத்த வள்ளுவர், 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பாடி, அவ்வூழையும் முயற்சியால் புறங்காணலாம் என்று நிமிர்ந்து நிற்கிறாரே! இரண்டையும் சேர்த்துப் படிப்பவனுக்கே வள்ளுவர் உள்ளம் தெரியும். பிளேக்கும் அத்தகையவர்.

கனவு குற்றமன்று

முதற்பாட்டில் பேசுபவன் ஒரு சிறுவன். தாய் இறந்தாள், தந்தை விற்றான். அப்போது அவனுக்குத் தொழிற்கூவலைச் சரியாகக் கூவவும் நா திருந்தவில்லை. 'ஸ்வீப்' என்று தெருவிலே கூவ வேண்டியவன், மழலையில் முதல் ஒலி நழுவி, 'வீப்' என்கிறான். முன்னதற்குத் துடைத்தல் என்று பொருள். பின்னதற்கு அழுதல் என்று பொருள். குழந்தை வேலை கேட்கிறான். மொழி அவனுக்காக அழுகிறது! ஒரே எழுத்தின் குறைவில் ஒரு வாழ்வின் குறையைக் காட்டிவிட்டார் கவிஞர்.

அவனோடு டாம் என்றொரு சிறுவன். தலைமுடி மழிக்கப்பட்டதால் அழுகிறான். முதலாமவன் தேற்றுகிறான்: மொட்டைத் தலையென்றால் வெண்மயிரில் கரி படியுமென்ற கவலை இல்லையே என்று. அன்றிரவு டாம் கனவு காண்கிறான். ஆயிரக்கணக்கான சிறுவர்கள் கறுத்த சவப்பெட்டிகளில் பூட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். ஒளிரும் திறவுகோலுடன் வருகிறான் தேவதூதன், திறந்து விடுகிறான். பசும்புல் வெளியில் ஓடுகிறார்கள், ஆற்றிலே குளிக்கிறார்கள், வெயிலிலே மின்னுகிறார்கள். பிறகு தூதன் டாமிடம் கூறுகிறான்: நல்ல பிள்ளையாக இருந்தால் கடவுளே உனக்குத் தந்தை, இன்பத்துக்குக் குறைவில்லை. விடிகிறது - இல்லை, விடியவில்லை! இருட்டிலேயே எழுந்து, சாக்கும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு, குளிரிலே வேலைக்குப் போகிறார்கள். டாம் மகிழ்ச்சியோடு போகிறான். கடமையைச் செய்தால் கேடு வராது என்று முடிக்கிறான் கதை சொல்லும் சிறுவன்.

பகுத்தறிவாளர் இப்பாட்டைப் படித்தவுடன், "ஆகா, மதமென்னும் மயக்கமருந்து!" என்று கூறிப் புத்தகத்தை மூடிவிடலாம். நாமும் முதலில் அப்படித்தான் செய்தோம். ஆனால் அது அவசரத் தீர்ப்பு. பிளேக் நாத்திகர் அல்லர். சிறுவயதில் மரக்கிளைகளில் தேவதூதர்களைக் கண்டதாகச் சொன்னவர். இயேசுவை உள்ளத்தில் வைத்துப் போற்றியவர். தூதனைக் கேலிப் பொருளாக்குவது அவர் நோக்கமாக இருக்க முடியாது. அப்படியானால் நஞ்சு எங்கே இருக்கிறது?

கூர்ந்து படியுங்கள். தூதன் இரண்டு செயல் செய்கிறான். முதலில் திறக்கிறான், பிறகு பேசுகிறான். திறக்கும்போது அவன் எந்த நிபந்தனையும் கேட்கவில்லை. நல்லவனா கெட்டவனா, கடமை செய்தவனா செய்யாதவனா என்று விசாரிக்கவில்லை. எல்லாப் பெட்டிகளையும் திறக்கிறான். அது விடுதலை! பேசும்போதுதான், 'நல்ல பிள்ளையாக இருந்தால்' என்ற ஒரு சொற்றொடர் வந்து விழுகிறது. அந்த 'இருந்தால்' என்பதிலே தூதனின் குரல் மாறிவிட்டது. அது வானத்துக் குரலன்று, எசமானின் குரல். ஐந்தரை மணிக்கு எழுப்பி அனுப்புகிறவனின் குரல்.

எனவே கனவு குற்றமன்று, நிபந்தனையே குற்றம். அந்தக் கனவிலே டாம் கேட்டது என்ன? பொன்மாடமா, பூந்தேரா? குளிக்க ஓர் ஆறு. ஓட ஒரு வெளி. உடம்பிலே சிறிது வெயில். தோளில் சாக்கு இல்லாத ஒரு பொழுது. இவை வானுலகத்துப் பொருள்களா? எந்த நகராட்சியும் தரக்கூடிய மண்ணுலகத்துப் பொருள்கள் அல்லவா! மண்ணிலே கிடைக்க வேண்டியவற்றை விண்ணுக்கு மாற்றி எழுதிய ஏமாற்றைத்தான் கவிஞர் வெளிப்படுத்துகிறார். குழந்தையின் கனவை நகையாடாமல், அதைக் களவாடியவனைக் காட்டிக் கொடுக்கிறார்.

இன்னும் ஒன்று. இப்பாட்டில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, சிறுவன் படிப்பவரை நோக்கித் திரும்புகிறான். தான் துடைக்கும் புகைபோக்கிகளை 'உங்களுடையவை' என்கிறான். குற்றம் சாட்ட வேண்டும் என்று அவன் எண்ணவில்லை. அவனுக்கு அது தெரியவும் தெரியாது. சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறான். ஆனால் அந்தச் சொல் நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுந்து போக மறுக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் அன்பர் சட்டைக்குள் அணிந்திருக்கும் பனியனின் பிசிறை வெட்டியது எந்தக் கை?

கண்ணீரும் கணக்கும்

இரண்டாம் பாட்டில் பனி. வெண்பனியின் நடுவே கறுப்பாக ஒரு சிறு உருவம். "உன் தாய் தந்தையர் எங்கே?" என்று ஒருவர் வினவுகிறார். இருவரும் வழிபாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்கிறான் சிறுவன். மாற்றத்தைக் கவனியுங்கள். முதற்பாட்டில் தாய் இறந்துவிட்டாள். ஆகவே, "பாவம், வறுமை, விதி" என்று சொல்லித் தப்பிக்க இடமிருந்தது. இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பக்தியோடும் இருக்கிறார்கள். தப்பிக்கும் கதவை அடைத்துவிட்டார் கவிஞர்.

சிறுவன் மேலும் சொல்கிறான்: தான் மகிழ்ந்திருந்ததாலேயே சாவின் உடையைத் தனக்கு அணிவித்தார்கள் என்று. இன்னமும் ஆடுகிறான், பாடுகிறான். ஆகவே அவனுக்குத் தீங்கு ஏதும் செய்துவிடவில்லை என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். எண்ணிக்கொண்டு, கடவுளையும் குருவையும் மன்னனையும் போற்றப் போய்விட்டார்கள். அந்த மூவரும் சேர்ந்து நம் துன்பத்தை மூலப்பொருளாகக் கொண்டு ஒரு சொர்க்கம் கட்டுகிறார்கள் என்று முடிகிறது பாட்டு. ஈரோட்டுப் பெரியார் நூல்களைப் படித்தவர்களுக்கு இந்த மூவர் கூட்டு புதிதன்று. ஆனால் 1794இல், பக்கத்து நாட்டில் மன்னன் தலை விழுந்து ஓராண்டு கழிந்திருந்த வேளையில், லண்டனில் அமர்ந்து இதை எழுதத் துணிவு வேண்டும்.

ஆட்டமும் பாட்டமும் என்றாரே, அதற்கு ஒரு பின்னணி உண்டு. லண்டனில் ஆண்டுதோறும் மே முதல் நாள் புகைபோக்கிச் சிறுவர்களின் திருநாள். வேடம் புனைந்து, தெருவிலே ஆடிக் காசு வாங்குவார்கள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள், "பிள்ளைகள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!" என்றார்கள். ஒரு நாள் ஆட்டத்தைக் காட்டி ஓராண்டு வாட்டத்தை மறைத்தார்கள். அதே மே முதல் நாள் பிற்காலத்தில் உலகத் தொழிலாளர் நாளாயிற்று. 1923இல் சென்னையில் சிங்காரவேலர் அதைக் கொண்டாடினார். ஆடிக் காட்டிய நாளை அணிவகுக்கும் நாளாக மாற்ற எத்தனை தலைமுறை ஆயிற்று!

இரண்டு பாட்டில் எது பெரிது? இங்கே வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 1824இல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி என்ற கவிஞர், புகைபோக்கிச் சிறுவர்களுக்காக ஒரு தொகைநூல் வெளியிட்டார். அதற்குச் சார்லஸ் லாம் அனுப்பிவைத்த பாட்டு, பிளேக்கின் முதற்பாட்டு. இரண்டாம் பாட்டு அதில் இடம்பெறவில்லை. ஏன் என்று ஊகிப்பது கடினமன்று. முதற்பாட்டு கண்ணீர் கேட்கிறது. இரண்டாம் பாட்டு கணக்குக் கேட்கிறது. கண்ணீர் தருவதற்குக் கனவான்கள் பலர் உண்டு. கணக்குக் காட்ட எவர் முன்வருவார்?

ஒரு மாணவன் கேட்ட வினா

இதுவரை எழுதியதைத் தேர்விலே எழுதியிருந்தால் இன்னும் இரண்டு மதிப்பெண் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். எஞ்சியதைக் கற்பித்தவன் ஒரு மாணவன்.

இரண்டு பாட்டையும் தமிழிலே கதையாக வகுப்பில் சொன்னோம். எந்தப் பையன் கெட்டிக்காரன் என்று கேட்டோம். "இரண்டாவது பையன்" என்ற குரல்கள் எழும், உடனே பகுத்தறிவைப் பற்றி நான்கு சொல் பேசிவிடலாம் என்பது நம் எண்ணம். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து கேட்டான்: "அந்த ரெண்டாவது பையனுக்குக் கூட்டாளி ஆருமே இல்லீங்களா சார்?"

வாயடைத்துப் போனோம்! ஆம், இல்லை. முதற்பாட்டில் டாம் இருக்கிறான்; டிக், ஜோ, நெட், ஜாக் என்று பெயர் பெயராகச் சிறுவர்கள் இருக்கிறார்கள்; ஆயிரம் பேர் ஒன்றாக ஓடுகிறார்கள். அழுகிறவனைத் தேற்ற இன்னொருவன் இருக்கிறான். அந்தத் தேறுதல் பொய்யாக இருக்கலாம். தேற்றிய கை பொய்யன்று. இரண்டாம் பாட்டிலோ உண்மை அனைத்தும் தெரிந்த சிறுவன் தன்னந்தனியாகப் பனியிலே நிற்கிறான். அவன் பக்கத்தில் ஒரு பெயரும் இல்லை. அவனுக்கே ஒரு பெயர் இல்லை.

முன்னவனுக்குத் தோழன் உண்டு, தெளிவு இல்லை, ஆகவே ஏமாற்றப்படுகிறான். பின்னவனுக்குத் தெளிவு உண்டு, தோழன் இல்லை; ஆகவே புலம்பியதோடு நிற்கிறான். தெளிவில்லாத தோழமை சவப்பெட்டிக்கு இட்ட பூமாலை. தோழமையில்லாத தெளிவு பனியில் பற்றவைத்த தீக்குச்சி. இரண்டாம் பாட்டின் சிறுவன், முதற்பாட்டின் கொட்டகைக்குள் நுழைந்து, டாமின் அருகிலே அமர்ந்து, "அந்தச் சாவி கனவில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்?" என்று கேட்டால் என்ன ஆகும்? அந்த மூன்றாம் பாட்டைப் பிளேக் எழுதவில்லை. அதைத் தாளில் எழுதி முடிக்க முடியாது என்பதனால் விட்டாரோ என்னவோ! இரண்டையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துக் கட்டியதிலேயே அந்தக் குறிப்பு இருக்கிறது என்று நாம் கொள்கிறோம்.

நம் ஊர்த் தூதர்கள்

லண்டனை விட்டு ஊருக்கு வருவோம். திருப்பூரில் தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து அடுக்கிக் கொடுக்கும் வேலைக்குக் 'கைமடி' என்று பெயர். ஒரு காலத்தில் அந்தக் கைகளில் பல சின்னஞ்சிறு கைகள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. 'ஒன்றரை ஷிப்டு' என்றால் பன்னிரண்டு மணி நேரம். கைமடியாகச் சேர்ந்தவன் தையல்காரனாவான், தையல்காரன் முதலாளியாவான் என்பது இவ்வூர்க் கனவு. சிலர் ஆனதும் உண்டு. அந்தச் சிலரைக் காட்டியே பலரைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்ததும் உண்டு. இன்று பல நிறுவனங்களின் வாயிலில் 'இங்கு குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்ற பலகை தொங்குகிறது. நல்லது. ஆனால் பிசிறு வெட்டும் மூட்டை வீட்டுத் திண்ணைக்கு வரும்போது, அங்கே பலகை தொங்குவதில்லை.

தேவதூதனின் நிபந்தனைப் பேச்சை அச்சடித்தே கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும் பெயரிட்டு, வறண்ட மாவட்டங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைக் கொண்டுவந்தனர். மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைக்க வேண்டும், முடிவில் ரூ.30,000 முதல் ரூ.50,000 வரை மொத்தமாகக் கிடைக்கும், திருமணத்துக்கு ஆகும். இடையில் நோயுற்று வீடு திரும்பினால்? மொத்தத் தொகை போய்விடும்! நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் இரண்டு 2011இல் இதுபற்றி விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகு, உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெயரை ஆராயுங்கள். அவள் தன் உழைப்புக்குப் பெற வேண்டிய கூலி அது. அதற்குக் கூலி என்று பெயரிடவில்லை; 'சுமங்கலி' என்று பெயரிட்டார்கள். மாதந்தோறும் கையில் விழ வேண்டிய காசை மூன்றாண்டுக்கு அப்பால் தள்ளி, மஞ்சளும் குங்குமமும் பூசி, மங்கலச் சொல்லால் மூடினார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சணையைத் தடை செய்தது. தடை செய்யப்பட்ட ஒன்றைத் தருவதற்கே குழந்தையை உழைக்க வைத்தது இந்த மங்கலம்! நல்ல பிள்ளையாக இருந்தால், மூன்றாண்டு பொறுத்தால்... மீண்டும் அதே 'இருந்தால்'! அந்தப் பெண் கண்ட கனவிலே குற்றமில்லை. தனக்கென ஒரு வாழ்வு வேண்டும் என்றுதான் கனவு கண்டாள். நிபந்தனையை எழுதிய கை எது என்பதே வினா.

பிளேக் சிறுவனின் கனவிலே ஆறு வந்ததே, நம் ஊரிலும் ஆறு உண்டு - நொய்யல். சாயக்கழிவு கலந்து, உழவர் வழக்காடி, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிடும் நிலைவரை சென்ற ஆறு. டாம் கனவு கண்டால் குளிப்பதற்கேனும் தெளிந்த நீர் இருந்தது. நம் பிள்ளை கனவு காணவும் ஆற்றைக் கெடுத்து வைத்தோம்!

ஒரு தாயின் சொல்

உறங்கிய சிறுவனின் வீட்டுக்கு ஒரு மாலை சென்றோம். ஒற்றை அறை. சுவரோரம் துணிக்கட்டு. அன்னையார் கையில் கத்தரி. நாம் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னதும், அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க அடிச்சா வேல வாங்கறோம்ங்க? அவனே பாட்டுப் பாடிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டுத்தான் செய்யறானுங்க."

இரண்டாம் பாட்டு நம் முன்னே உட்கார்ந்து பேசிற்று! பாடுகிறான், சிரிக்கிறான், ஆகவே தீங்கில்லை. ஆனால் அந்தத் தாய்மீது குற்றம் சுமத்த நமக்கு மனம் வரவில்லை, சுமத்தவும் கூடாது. எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு கை வெட்டினால் அரிசிக்கு ஆகும். இரு கை வெட்டினால்தான் வாடகைக்கு ஆகும். பிளேக்கும் பெற்றோரோடு நிறுத்தவில்லையே! அவர்களுக்கு மேலே இருந்த மூவரை அன்றோ சுட்டினார். பெற்றவர் கையைக் கட்டிய கயிறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், பெற்றவரையே ஏசுவது எளிய இலக்கியம்; எளிய அரசியலும்கூட.

சட்டம் என்ன சொல்கிறது? குழந்தையின் உழைப்பைப் பெற்றோர் அடகு வைப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாதாக்கிற்று. 1986இல் ஒரு சட்டம்; 2016இல் அதற்குத் திருத்தம். திருத்தத்தின்படி பதினான்கு வயதுக்குட்பட்டவரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது. நன்று! ஆனால் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஓர் ஓட்டையும் வைத்தார்கள். இதைப் படித்தபோது நமக்கு 1953 நினைவுக்கு வந்தது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று இராசாசி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது இந்நாடு. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். வாசலில் விரட்டிய ஒன்று புழக்கடை வழியாக வந்து நிற்கிறதோ என்று ஐயுறுவதில் தவறில்லை. மூட்டை கொடுப்பவன் வெளியே இருக்க, வெட்டுகிற இடம் வீடு என்பதால் மட்டும் அது குடும்பத் தொழிலாகிவிடுமா?

சொர்க்கமா, சோறா?

மெய்யான திறவுகோல் இல்லாமற் போகவில்லை. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தந்தது. காமராசர் காலத்தில் அது மதிய உணவாக மாநிலத்தில் பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. இதிலே எங்கேனும் 'நல்ல பிள்ளையாக இருந்தால்' என்ற நிபந்தனை உண்டா? பசித்தவன் வந்தால் உணவு, அவ்வளவே. தூதன் முதலிற் செய்த செயல் இதுதான். நிபந்தனை கேளாமல் திறந்தான். சொர்க்கத்தைக் காட்டிச் சோற்றைப் பறித்தவர் மரபு ஒன்று. சோற்றைப் போட்டுச் சொர்க்கத்தை மறக்கச் செய்தவர் மரபு மற்றொன்று. நம் மரபு எது என்று நாம் அறிவோம்.

ஆனால் தட்டு மட்டும் போதாது. தாய்க்கு நேர்மையான கூலி வேண்டும். திண்ணைக்கும் சட்டம் வர வேண்டும். இங்கிலாந்தில் 1788இல் தொடங்கிய சட்டம், 1834, 1840 என்று ஏட்டிலே வளர்ந்து, 1875இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கியில் சிக்கி இறந்த பிறகே, கண்காணிக்கக் காவலரோடு உயிர் பெற்றது. எண்பத்தேழு ஆண்டு! பிளேக் இறந்தே நாற்பத்தெட்டு ஆண்டு ஆகியிருந்தது. பாட்டு சட்டத்தைக் கொண்டுவந்துவிடாது. ஆனால் சட்டம் வராத ஆண்டுகளில், அது வரவில்லை என்பதை மறக்க விடாமல் வைத்திருக்கும். இலக்கியத்திடம் அதற்குமேல் கேட்பது பேராசை. அதற்குக் கீழே ஏற்பது கோழைத்தனம்.

இப்போது அந்தச் சிறுவனிடம், "எல்லாம் சரியாகும்" என்று நாம் சொல்வதில்லை. "நேற்று எத்தனை கட்டு? ஒரு கட்டுக்கு எவ்வளவு? கொடுத்தவர் யார்?" என்று கேட்கிறோம். அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறான். பின்வரிசை மாணவன், கூட்டாளியைப் பற்றிக் கேட்டானே அவன், தன் இடத்தை மாற்றிக்கொண்டு மூன்றாம் வரிசைக்கு வந்து அமர்ந்திருக்கிறான். உறங்குபவனுக்குப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறான். தன் வீட்டுக் கட்டுகளின் கணக்கையும் அதே பக்கத்தில் எழுதுகிறான். அந்தப் பக்கம் நிரம்பிவிட்டது, மறுபக்கம் தொடங்கியிருக்கிறார்கள்.